கைப்பிடியைப் பார்த்து வாங்குங்கள்



சரக்குக் கொள்முதலில் நம்மவர்களை எளிதில் ஏமாற்ற முடியாது. துவரம் பருப்பு மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் விலையே பேசுவோம். ஆனால் அந்தப் பருப்பை நாள் முழுக்க அள்ளிப் போடும் கரண்டியை மட்டும், "மலிவாக நாலு வாங்கி வா" என்று பையனிடம் சொல்லி அனுப்புவதே பல கடைகளில் வழக்கம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் செய்பவர். பியானோவில் கட்டைகள் 88 என்றாலும் உள்ளே கம்பிகள் ஏறக்குறைய 230 உண்டு. ஒவ்வொரு கம்பியும் ஓர் இரும்பு முளையில் சுற்றியிருக்கும். முளை இறுக்கமாக நிற்கும். அதை நெம்புகோல் மாட்டி மயிரிழை அளவே திருப்ப வேண்டும். ஆகவே நெம்புகோல் வாங்கும்போது எடை, நீளம், பிடியின் பருமன் எல்லாவற்றையும் கையில் பிடித்துப் பார்த்த பிறகே பணத்தை எடுப்பாராம். தலைப்பகுதியின் சாய்வில்கூட 5 டிகிரி, 15 டிகிரி என்று தினுசுகள் இருக்கின்றன. பிடி சரியில்லை என்றால் சுருதியும் கெடும், மணிக்கட்டும் கெடும் என்கிறார்.

நமக்குக் கரண்டி, குத்தூசி, கோணி ஊசி, மூட்டைக் கொக்கி, கத்தரிக்கோல். மாத ஆரம்பத்துக் கூட்டத்தில் ஒரு சிப்பந்தி எத்தனை நூறு தடவை கரண்டியைத் தூக்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். தகரத்தை மடித்த பிடியின் விளிம்பு கையை அறுக்கும். பிடி குட்டையானால் அதன் நுனி உள்ளங்கை நடுவில் குத்தும். மெல்லியதானால் விரல்களை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்கருவிகளுக்கென்றே அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2004இல் ஒரு கையேடு வெளியிட்டது. அழுத்திப் பிடிக்கும் கருவியின் பிடி சுமார் 3 முதல் 5 சென்டிமீட்டர் பருமனும், குறைந்தது 10 சென்டிமீட்டர் நீளமும் இருப்பது நல்லது என்கிறது அது. இந்த அளவில் மரப்பிடி போட்டுத் தர நம் ஊர்த் தச்சரே போதும்.

கருவிக்குப் பணம் கொடுப்பவர் முதலாளியாக இருக்கட்டும். தேர்ந்தெடுப்பவர் அதைப் பிடிக்கிறவராக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இடதுகைக்காரப் பையனிடம் வலதுகைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு, வேலை ஓடவில்லை என்று கோபித்துக்கொள்வது என்ன நியாயம்? பத்து வருஷம் பழகி, தராசில் வைக்குமுன்பே கால் கிலோவைச் சரியாக அள்ளும் கை, வலி தாங்காமல் நின்றுவிட்டால் அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

"எல்லாம் பழகிவிடும்" என்பார்கள் சிலர். சிப்பந்திகள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கரண்டிப் பிடிக்கும் சட்டசபை கூட வேண்டுமா? நல்ல பிடிக்கு விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். அடுத்த தடவை பாத்திரக்கடைக்குப் போகும்போது, எடை போடும் சிப்பந்தியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.