பெயரை மாற்றினால் போதுமா?



ஐரோப்பாவின் ஃபிஞ்ச் குருவிகள் குளிருக்கு முன் தெற்கே பறக்கும். வழியில் மால்டா தீவு. அங்கே கூண்டுக் குருவியைக் கத்தவிட்டு, அந்தக் குரலை நம்பி இறங்குபவற்றை வலைவைத்துப் பிடிப்பது பழைய வழக்கம்.

இது சட்டத்துக்கு எதிரானது என்று 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் மால்டா அரசு, 'ஆராய்ச்சி' என்று சொல்லி மீண்டும் வலைக்கு அனுமதி தந்தது. 2024இல் நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

என் கருத்து இதுதான்: ஒரு நாட்டில் பிறந்து இன்னொரு நாட்டில் குளிர்காலம் கழிக்கும் பறவைக்கு, இடையில் உள்ள தீவு உரிமை கொண்டாட முடியாது. பரம்பரை வழக்கம் என்பதும் காரணமாகாது. யாராவது பழைய செயலுக்குப் புதுப்பெயர் சூட்டினால், பெயரை விட்டுவிட்டுச் செயலைப் பாருங்கள், பிள்ளைகளே.