சொட்டு மருந்தும் லயத்துப் புகையும்

மலையகக் குழந்தைகளின் இருமலுக்கு ‘டி’ உயிர்ச்சத்துக் குறைவே மூலகாரணம் என்றும், நாளொன்றுக்குச் சில சொட்டுக்களைப் புகட்டினால் நெஞ்சுநோய் அகலும் என்றும் கூறுவோர் உளர். கேட்பதற்கு இனிய கூற்று, உண்மை அவ்வாறன்று.

அவர்தம் வாதத்திலுள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். தோலிற் படும் வெயிலே இச்சத்தை ஆக்குகின்றது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், பனிமூட்டத்திடையே கம்பளியாற் போர்த்து வளர்க்கப்படும் குழந்தைக்கு வெயில் அரிது. இச்சத்துக் குன்றின் என்புகள் வலுவிழக்கும். விலாவென்பு மெலிந்த குழந்தையை நிமோனியா எளிதிற் பற்றும். குறைபாடுடைய குழந்தைக்கு மருத்துவர் சொட்டு மருந்து விதிப்பதை மறுப்பார் யார்?

ஆயின், குறைபாட்டை நீக்குதல் வேறு. நிமோனியாவைத் தடுத்தல் வேறு. காபூல் நகரில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தைகளிடையே நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2012 இல் ‘லான்செற்’ இதழில் வெளிவந்தது. மூன்று மாதத்துக்கொரு முறை இச்சத்தைப் பெருமளவிற் பெற்ற குழந்தைகளுக்கும் பெறாத குழந்தைகளுக்குமிடையே நிமோனியா கண்ட வீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

அடுப்பை மட்டும் மாற்றினாற் போதும் என்போர்க்கும் இதுவே விடை. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் எரிவாயு அடுப்பு வழங்கி நடத்தப்பெற்று 2024 இல் வெளியான ஆய்விலும் கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா குறையவில்லை. ஒற்றைப் பொருளால் தீரும் நோயன்று இது.

லயன் காம்பிராவை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே ஒரு குடும்பம், இஸ்தோப்பில் விறகடுப்பு, இருமும் பாட்டனின் அருகே பாலுண்ணும் பேரன். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடளாவிய நிலையில் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். நெரிசல், புகை, ஊட்டக்குறைவு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ்க் குடியிருக்க, நாம் வெயிலைக் குறைகூறுகின்றோம்!

வெயிலைக் குறைகூறுவதில் ஒரு வசதி உண்டு: வெயிலுக்கு முதலாளி இல்லை. லயத்துக்கு உண்டு. 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் கைமாறியது. கைகள் மாறின, பல தோட்டங்களில் லயம் மாறவில்லை.

மருத்துவம் பயிலும் நண்பர்களே, சொட்டு மருந்தைத் தேவையறிந்து எழுதுங்கள். ஆனால், அக்குழந்தை மருந்தருந்தியபின் எந்த அறைக்குத் திரும்புகின்றது என்பதையும் அதே ஏட்டில் எழுதுங்கள்.