வயதின் மேல் பழி போடாதீர்கள், அளவைப் பாருங்கள்

ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால்கூட டெய்லர் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். செருப்புக் கடைப் பையன் காலில் மாட்டி நாலு அடி நடக்க வைக்காமல் பில் போடுவதில்லை. ஆனால் அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் ரோடு பைக்குக்கு மட்டும் நம் ஊரில் யாரும் யாரையும் அளப்பதில்லை. "சார் என்ன ஹைட்? அஞ்சு ஆறா? மீடியம் எடுத்துக்குங்க, கரெக்டா இருக்கும்." வியாபாரம் முடிந்தது.

ரோடு பைக் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய டயரும் ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பாரும் கொண்டது. அந்த நாளில் ரேஸ் சைக்கிள் என்போமே, அதுதான். பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு இதில் போகிறவர்களில் நம் வயதுக்காரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஓடாதே, முட்டி போய்விடும், சைக்கிள் மிதி என்று டாக்டர் சொல்லியிருப்பார். வெளியூரில் இருக்கும் மகன் இன்டர்நெட்டில் பார்த்து ஒன்றை அனுப்பி வைத்திருப்பான்.

மூன்று மாதம் கழித்து என்ன ஆகிறது? சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. கழுத்து பிடித்துக்கொள்கிறது. முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" சைக்கிள் மொட்டை மாடிக்குப் போகும். மனிதர் டிவி முன்னால் போய் உட்காருவார்.

என் வாதம் இதுதான். இந்த வலிகளில் பெரும்பகுதி வயதினால் வருவதில்லை, அளவு தப்பிய சைக்கிளால் வருகிறது. குற்றவாளியை விட்டுவிட்டு வயதைக் கூண்டில் ஏற்றுகிறோம். காலுக்குத்தான் செருப்பு, செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ள முடியாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நாம், சைக்கிள் கடையில் மட்டும் காலை நீட்டிக் கொடுக்கிறோம்.

கடைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு நண்பருக்காகக் கூடப் போன கடையிலும் அதையே சொன்னார்கள். "சீட்டை ஏத்தி இறக்கிக்கலாம் சார், எல்லாருக்கும் செட் ஆகும்." இது பாதி உண்மை. சீட்டை ஏற்றி இறக்கினால் காலுக்கு மட்டும்தான் சரியாகும். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவிலுள்ள தூரம் கைக்கும் முதுகுக்கும் உரியது, அது ஃபிரேமோடு பிறந்தது. தூரம் அதிகம் என்று சீட்டை முன்னால் தள்ளினால், பெடலின் மேல் முட்டி நிற்க வேண்டிய இடம் மாறிவிடும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதைதான்.

நம்மவர்களே இன்னொரு பதில் சொல்வார்கள். "அந்தக் காலத்துல அளவு பார்த்தா ஓட்டினோம்? குரங்கு பெடல் போட்டுத்தானே பழகினோம்?" உண்மைதான். அப்பாவின் 24 அங்குல ஃபிரேமில், பாருக்குக் கீழே காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து மிதித்தோம். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். நமக்கு அளவில்லாத வண்டியை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை கண்டுபிடித்த வழி அது. அன்றைக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டவருக்குக்கூட அரை வண்டி, முக்கால் வண்டி என்று அளவு தெரிந்திருந்தது. ஆளைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்துக் கொடுப்பார்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திருக்க முடியாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டியவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அவர்கள் கிடைத்ததை ஓட்டினார்கள். காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கும் நாம் அந்தக் கதையைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தவிர, பழைய வண்டியில் நிமிர்ந்து உட்காருவோம். உடம்பின் பாரம் முழுக்க ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டின் மேல் இறங்கும். அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். ரோடு பைக்கில் முதுகு முன்னால் சாய்ந்து, பாரத்தில் ஒரு பங்கு உள்ளங்கைக்குப் போகிறது. ஹேண்டில்பார் எட்டாமல் இருந்தால் அந்தப் பங்கு கூடிவிடும். உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு அழுந்தும். சுண்டுவிரல் மரத்துப் போவது அதனால்தான்.

ஸ்மால், மீடியம், லார்ஜ் என்பது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். ஐரோப்பாவில் ரேஸ் சைக்கிள் ஃபிரேம்களை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் பல அளவுகளில் செய்துவந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் தைவானின் ஜயன்ட் நிறுவனம், மைக் பரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளரின் யோசனைப்படி, மேல் குழாயைப் பின்பக்கம் சாய்த்து இரண்டு மூன்று அளவுகளிலேயே எல்லோரையும் அடக்கியது. செய்கிறவருக்கும் ஸ்டாக் வைக்கிறவருக்கும் பெரிய மிச்சம். ஆனால் மீதி வித்தியாசத்தை சீட் போஸ்ட்டையும் ஸ்டெம்மையும் மாற்றிச் சரிக்கட்ட வேண்டும் என்பது அந்த யோசனையின் மறுபாதி. நம் கடைகள் தங்களுக்கு லாபமான முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டன. ஒரு கம்பெனியின் மீடியமும் இன்னொரு கம்பெனியின் மீடியமும் ஒன்றல்ல என்பதையாவது சொல்கிறார்களா? அதுவும் கிடையாது.

உயரம் குறைந்தவர்கள் பாடு இன்னும் மோசம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் போய்க் கேட்டால், இருப்பதிலேயே சின்னதைக் காட்டி "இதுதான் மேடம் ஸ்மால்" என்பார்கள். அதிலும் பெரிய சக்கரம்தான். திருப்பத்தில் கால் விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் 1985இல் கம்பெனி ஆரம்பித்து, முன்சக்கரத்தைச் சின்னதாக்கி, பெண்கள் உடம்புக்கு ஏற்ற ரோடு பைக் செய்து விற்றார். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இங்கே இன்னும் பிங்க் பெயின்ட் அடித்தால் லேடீஸ் மாடல்.

சரி, என்ன செய்யலாம்? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி, பாதங்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்தும் அளவுக்கு மேலே ஏற்றிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளப்பதுதான் கால் உள்நீளம். இதை 0.883ஆல் பெருக்குங்கள். பெடல் அச்சின் நடுவிலிருந்து, அதாவது இரண்டு பெடல் கைகளும் சேரும் இடத்திலிருந்து, சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய அதுதான். உள்நீளம் 78 சென்டிமீட்டர் என்றால் சீட் உயரம் சுமார் 69. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டால் பிரபலமான கணக்கு இது. இதுவே கடைசி வார்த்தை அல்ல, தொடக்கம். பெடல் கீழே இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்தால் பின்பக்கம் வலிக்கும், இடுப்பும் ஆடும்.

கடையில் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளைக் கேளுங்கள். முதலாவது ஃபிரேமின் முன்பக்க உயரம், இரண்டாவது முன்னோக்கிய நீளம். கம்பெனிகள் தங்கள் அட்டவணையில் இவற்றைப் போடுகின்றன. முதுகு வளையாத நம் வயதுக்கு உயரம் கூடியதும் நீளம் குறைந்ததும் நல்லது. இரண்டு, முன்ஃபோர்க்கின் குழாயை உங்கள் உயரம் முடிவாகும் முன் வெட்ட விடாதீர்கள். பழைய சைக்கிளில் போல்ட்டைத் தளர்த்தினால் ஹேண்டில்பார் உயரும். இதில் குழாயை வெட்டினால் வெட்டியதுதான். மூன்று, ஸ்டெம் நீளம் ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவோம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இதையெல்லாம் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே டேப்பை எடுப்பார். இருபத்து நாலு கியர், கார்பன் ஃபோர்க் என்று அவர் அடுக்கும்போது, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, முதல்ல என்னை அளந்து பாரு" என்று சொல்லுங்கள். அளக்காத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மொட்டை மாடியில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் தூசி பிடித்துக் கிடந்தால் அதை விற்கும் முன் ஒரு முறை அளந்து பாருங்கள். ஒரு ஸ்டெம் மாற்றமோ, இரண்டு சென்டிமீட்டர் சீட் உயரமோ, ஏதோ ஒன்று அதைத் திரும்பவும் ரோட்டுக்குக் கொண்டுவரக்கூடும். ஓட்டக் கூடாத வயது என்று நம்மை ஒதுக்குவதற்கு முன்னால், ஓட்டக் கூடாத அளவு எது என்று பார்த்துவிடுவோம்.