எலி உண்ட அளவும் நாம் உண்ணும் அளவும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நெகிரி செம்பிலான் தோட்டப்புற வீடுகளில் முறுக்கு பிழியத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்துப் புலனக் குழுக்களில் ஒரு செய்தியும் சுற்றும். எண்ணெயில் பி.எச்.ஏ. என்ற பொருளைக் கலக்கிறார்களாம். அது எலிகளுக்குப் புற்றுநோயைத் தந்ததாம். சென்ற ஆண்டு இதைப் படித்த என் அத்தை முறுக்கே சுடவில்லை.

செய்தி முழுப் பொய்யன்று. எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் செயற்கை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளுள் பி.எச்.ஏ.யும் ஒன்று. ஜப்பானின் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நொபுயுக்கி இத்தோவின் குழுவினர், இதனைத் தீவனத்தில் கலந்து எலிகளுக்கு 104 வாரங்கள் கொடுத்துப் பார்த்தனர். ஆய்வு முடிவு 1983இல் வெளியானது. இரண்டு ஆண்டு என்பது எலிக்கு ஏறக்குறைய முழு ஆயுள். தீவனத்தில் 2 விழுக்காடு பி.எச்.ஏ. உண்ட எலிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு முன்னிரைப்பையில் புற்றுநோய் வந்தது. 0.5 விழுக்காடு உண்டவற்றில் புற்றுநோய் காணப்படவில்லை.

முன்னிரைப்பை என்னும் உறுப்பு மனிதனுக்கு இல்லை. புலனச் செய்தி இதைச் சொல்வதில்லை, அளவையும் சொல்வதில்லை. 2 விழுக்காடு என்றால் ஒரு கிலோ தீவனத்தில் 20,000 மில்லிகிராம். பன்னாட்டு உணவு விதித்தொகுப்பான கோடெக்ஸ் ஒரு கிலோ எண்ணெயில் அனுமதிப்பதோ 200 மில்லிகிராம்தான். நூறு மடங்கு வேறுபாடு! அதுவும் எலிக்கு அத்தீவனமே முழு உணவு. நமக்கு எண்ணெய் உணவில் ஒரு பகுதி மட்டுமே.

அப்படியானால் கவலையே வேண்டாமா? அங்கேதான் நான் தயங்குகிறேன். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. 60 கிலோ எடையுள்ள அத்தைக்கு அது 30 மில்லிகிராம். உச்ச அளவு கலந்த எண்ணெயே ஆனாலும் 150 கிராம் உண்டால்தான் அந்த எல்லையைத் தொடுவார். யார் அவ்வளவு உண்பார்? ஆனால், 20 கிலோ எடையுள்ள அவர் பேரனுக்கு எல்லை 10 மில்லிகிராம். 50 கிராம் எண்ணெயே போதும். நொறுக்குத்தீனியும் பொரித்த கோழியுமாக நாளைக் கழிக்கும் பிள்ளைக்கு அது எட்டாத தொலைவன்று. ஒருநாள் எல்லை தாண்டினால் நோய் வந்துவிடாதுதான்; அது வாழ்நாள் முழுதும் அன்றாடம் உண்பதற்கு வகுத்த அளவு. பிள்ளைகளோ அன்றாடம்தான் உண்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் பெற்றோர் போட வேண்டுமானால் பொட்டலத்தில் அளவு இருக்க வேண்டும். திருப்பிப் பார்த்தால் சேர்க்கையின் வகைப்பெயரோ குறியீட்டு எண்ணோ இருக்கும். எத்தனை மில்லிகிராம் என்று இராது. கொழுப்பு, புரதம் எவ்வளவு என்று அச்சிட இடமிருக்கும்போது இதற்கு மட்டும் இடமில்லையா? செம்பனைக் குலை ஏற்றிய லோரியை எடைபோடாமல் ஆலைக்குள் விடுவதில்லை. அந்தப் பழத்தின் எண்ணெயில் கலப்பதற்கும் எடை சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

இவ்வாண்டு அத்தை முறுக்கு சுடுகிறார். பேரன் எத்தனை தின்றான் என்று எண்ணிக்கொண்டே சுடுகிறார்.