ஏர்கன் விளையாட்டுப் பொருள் அல்ல

பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தைச் சுற்றி நிலக்கடலைக் கொல்லைகளும் முந்திரித் தோப்புகளும் நிறைய. கடலையைக் கிளறும் மயிலை விரட்ட ஏர்கன் வாங்க நினைக்கும் விவசாயிகள் சற்று யோசிக்க வேண்டும்.

4.5 மி.மீ. குழல் விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர்கன்னுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவது தவறு. அதன் ஈயக்குண்டு 300 மீட்டர் தாண்டியும் போகக்கூடும். களை எடுப்போர் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். மயிலைக் காயப்படுத்துவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமே. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

ஏற்கெனவே ஏர்கன் வைத்திருப்போர் இலக்குப் பலகையில் மட்டும் சுடலாம். பலகைக்குப் பின்னால் மண்மேடு இருத்தல் அவசியம். குழலை மடித்துக் குண்டு போடுகையில் குழலை விட்டால் விரல் நசுங்கும். குண்டில்லாமல் சுட்டால் உள்ளே சுருள்வில் கெடும். காற்றறையில் கண்ட எண்ணெயை விட்டால் அழுத்தத்தில் தீப்பற்றும். ஈயம் நஞ்சு, தொட்ட கையைக் கழுவ வேண்டும். சிறுவர்க்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

மயிலால் வரும் சேதம் பெரிதுதான். அதற்குத் தகர ஒலியும் பளபளப்பு நாடாவும் காவலும் உண்டு. அரசிடம் நிவாரணம் கேட்பதும் நியாயமே. கொல்லையில் சுடுவது கூடவே கூடாது.