எந்த வீட்டைத் தம்பி?

கலப்பு ஊடகக் கலைஞர் ஒருவரைப் பற்றிய கண்காட்சிக் குறிப்பு எதை எடுத்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: 'அன்றாட வாழ்விலிருந்து உத்வேகம் பெறுபவர்.' அண்மையில் ஒரு கருத்தரங்கில் மூன்று கட்டுரைகள் இதே வாக்கியத்தில் தொடங்கின. யாருடைய அன்றாடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் அமர்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

இக்கேள்விக்கு நான் அறிந்த வரையில் மிக நேர்மையாக முகங்கொடுத்தவர் யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் காட்சிப்படுத்திய நிர்மாணக் கலைப் படைப்புக்காக அவர் ஐந்நூறு வீடுகளிலிருந்து அன்றாடப் பொருள்களைத் திரட்டினார். 1981இல் எரியூட்டப்பட்ட நூலகத்தில் மக்களின் புழங்குபொருள்களே ஆவணமாக வந்து அமர்ந்தன. 2011இல் வெளியான 'முழுமையுறாத் தோம்பு' இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார்கள். அதற்கு அருகில் கட்டடக்கலை முறைப்படியான வரைபடம், அதையடுத்துச் சனாதனனின் உலர்வண்ணச் சித்திரம். இப்படி எண்பது வீடுகள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப்பதிவேடு. அரசின் பதிவேட்டு வடிவத்தை எடுத்து, அரசு ஒருபோதும் பதியாதவற்றை அதற்குள் வைத்திருக்கிறார். இதை உத்வேகம் என்றழைப்பது எவ்வளவு மெலிந்த சொல்! இங்கே கலைஞரின் முதல் வேலை கேட்பது. வரைவது அதற்குப் பிறகுதான்.

(பெனிதா பெர்சியாலைப் பற்றியும் எழுத வேண்டும். சாம்பிராணி, பட்டை, கிராம்பு என மூக்கு அறிந்த பொருள்களால் சிற்பம் சமைப்பவர் அவர். அது தனிப் பதிவாக வரட்டும்.)

இதை எழுதத் தூண்டியது டாலிகஞ்சில் எனக்குப் பக்கத்து வீட்டில் வசிக்கும் ஓர் அம்மா. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் ரப்பர்த் தோட்ட வேலைக்காக நிக்கோபாரின் கச்சால் தீவில் குடியமர்த்தப்பட்டதை அறிவீர்கள். அவர் குடும்பமும் அவ்வாறு வந்ததே. 2004 டிசம்பர் 26 கச்சாலை என்ன செய்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. தோம்பை வாசித்த கையோடு ஒரு தாளையும் பென்சிலையும் அவரிடம் நீட்டி, "பழைய வீட்டை வரைஞ்சு காட்டுங்கம்மா" என்றேன். அவர் கேட்டார்: "எந்த வீட்டைத் தம்பி?"

அந்த மூன்று சொற்களில் என் ஆய்வுச் சட்டகம் ஆட்டம் கண்டது. தோம்பு என்ற வடிவம் காணி உள்ளவனின் இழப்பை அடிப்படையாகக் கொண்டது. பத்திரம் போயிற்று, வேலி போயிற்று, கிணறு போயிற்று என்று சொல்ல முதலில் அவை இருந்திருக்க வேண்டும். லயத்து அறை கம்பெனியுடையது; கச்சாலில் கிடைத்ததோ தோட்டக் குடியிருப்பு. இரண்டுமே தாளளவில் அவருடையவை அல்ல. சனாதனன்மீது இதைக் குறையாகச் சுமத்த மாட்டேன். 'முழுமையுறா' என்று தலைப்பிலேயே அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். குறை நம்முடையது. அவருடைய முறையை மேற்கோளாக்கத் தெரிந்த நாம், காணியற்றவர்களிடம் அதைக் கொண்டுசென்று சோதிக்கவில்லை. இத்தீவுகளின் அருங்காட்சியகங்களில் கைதியின் விலங்கைக் கண்டிருக்கிறேன், பழங்குடியினரின் வில்லைக் கண்டிருக்கிறேன். கூலியாக வந்தவரின் வீட்டுப் பொருள் எதுவும் என் கண்ணில் படவில்லை.

அம்மா இறுதியில் ஒரே தாளில் இரண்டு வீடுகளையும் வரைந்தார். இரண்டிலும் அடுக்களையே பெரியது. வாசலை மறந்துவிட்டு, பின்னால் ஓரத்தில் ஒரு கோடாகச் சேர்த்தார். இரண்டு அடுக்களையிலும் ஒரு நீள்வட்டம் இருந்தது. அது அம்மிக் குழவி. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் மண்டபம் முகாம் வழியாகக் கச்சால்வரை அவருடைய தாயார் சுமந்து வந்தாராம். அதற்கேற்ற அம்மியைக் கச்சாலில் கொத்தி எடுத்துக்கொண்டார்களாம். "ரெண்டையும் கடல் கொண்டுபோச்சு," என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

தாள் என் மேசையில் இருக்கிறது. அதற்குச் சட்டமிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பும் எண்ணம் எனக்கில்லை; அவர் பெயரில், அவர் இசைவோடு, படியெடுத்து வைக்க ஓர் இடம் வேண்டும். கச்சாலிலிருந்து வந்த உறவினர் உள்ள மாணவர்கள், அவர்கள் மறுக்காவிட்டால், இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'வீடு' என்று ஒருமையில் மட்டும் கேட்காதீர்கள்.