கரும்புதான் சர்க்கரை! கரும்புக்குத்தான் கடைசி காசா?



ஒரு சர்க்கரை ஆலை எத்தனையோ சாமான் வாங்குகிறது. சாறு தெளிய சுண்ணாம்பு, கந்தகம். மிஷின் ஓட எண்ணெய், உதிரி பாகம். மூட்டை பிடிக்க சாக்கு. ஆனால் சர்க்கரையாகவே மாறுகிற சரக்கு ஒன்றுதான். அது நம்ம கரும்பு!

டன்னுக்கு நூறு கிலோ அளவில் சர்க்கரை, சுமார் 300 கிலோ சக்கை, சுமார் 40 கிலோ மொலாசஸ். சக்கையில் மின்சாரம், மொலாசஸில் சாராயம். எல்லாம் காசு. சர்க்கரை விற்கிற விலையில் 75 சதவீதம் கரும்புக்குப் போக வேண்டும் என்று 2012-லேயே ரங்கராஜன் குழு சொன்னது.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை டன்னுக்கு 3,550 ரூபாய். அதுவும் 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானம் இருந்தால்தான். 9.5-க்குக் கீழே போனால் 3,290 ரூபாய் 50 காசுதான். கட்டிங் ஆர்டர் தாமதமாகி, வெட்டின கரும்பு யார்டில் காய்ந்தாலும் கட்டுமானம் குறையும். பழைய மிஷின் சாறை விட்டாலும் குறையும். தப்பு எங்கேயோ, வெட்டு விழுவது நம்ம பில்லில்!

மாநில அரசின் பரிந்துரை விலையும் 2017-18 பருவத்தோடு போச்சு. டன்னுக்கு 4,000 ரூபாய் என்று 2021 தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதியை நாம் மறக்கவில்லை.

1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? கரும்பு தந்த 14 நாளில் பணம். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஒரு லட்சம் பாக்கி ஆறு மாதம் நின்றால் வட்டி மட்டும் 7,500 ரூபாய். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை, சட்டம். தராத ஆலையிடம் நிலவரி பாக்கி போல கலெக்டர் வசூலிக்கவும் வழி இருக்கிறது.

பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவு ஆலைகள் நம்ம மாவட்டத்துச் சொத்து. அவை வாழணும். விவசாயி மரவள்ளிக்கு மாறிவிட்டால் ஆலை எதை அரைக்கும்?

எடை ரசீதை பத்திரமா வையுங்க. வட்டியை எழுத்துமூலம் கேளுங்க. குறைதீர் கூட்டத்துக்குத் தனித்தனியா வேண்டாம், ஊரோடு வாங்க!

14 நாளில் பணம் கொடு!
தவறினால் வட்டி கொடு!
கட்டுமானச் சோதனையை விவசாயி முன்னால் நடத்து!